புரியாத பாஷையில் சுகாதாரப் பிரசாரமா?

மழைக்காலம் வந்தால் பனித்திட்டுக் கடலோரம் முதல் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை வரை கொசு பெருகும். ஜுரமும் கூடவே வரும். சுவரில் நோட்டீசு ஒட்டியதோடு கடமை தீர்ந்ததா?

செங்கல் சுமக்கும் ஒடிசாத் தொழிலாளியும், இரவு ஷிப்டு பார்க்கும் பீகார் தொழிலாளியும் தமிழ் நோட்டீசை எப்படிப் படிப்பார்கள்? விஷயம் தெரிந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வருகிறார்கள். இதை அறியாமை என்று ஏசுவது அநியாயம்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் வளர்கிறது. தொட்டியையும் டிரம்மையும் மூட வேண்டும். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். ஜுரம் கண்டால் ரத்தப் பரிசோதனை. இரண்டு வாரம் இருமல் விடாவிட்டால் சளிப் பரிசோதனை. காசநோய்க்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் மூடியில்லாத டிரம்மைக் கொடுத்துவிட்டு, ‘மூடி வை’ என்று போதித்து என்ன பயன்?

இது முடியாத காரியமல்ல. 2020 கொரோனாக் காலத்தில் கேரள சர்க்கார் இந்தி, வங்காளம், ஒடியா மொழிகளில் இத்தொழிலாளருக்கு விஷயங்களைச் சொன்னது. 2017லேயே ‘ஆவாஸ்’ காப்பீட்டுத் திட்டமும் கொண்டுவந்தது.

சட்டமோ பின்னுக்குப் போகிறது. ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே 1979ஆம் வருஷச் சட்டம் பொருந்தியது. காண்ட்ராக்டர் தங்குமிடமும் இலவச வைத்திய வசதியும் தர வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பில் ஐந்து, பத்தாகிவிட்டது. ஒன்பது பேர் உறங்கும் கொட்டகைக்குள் நோய் நுழையாதா?

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர், நோய் சுமப்பவர் என்று மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டதை மறக்கலாமா? அந்த இழிவை இவர்களுக்கு நாம் இழைக்கலாகாது.

ஆகவே கோருகிறோம்: அவர்கள் பாஷை பேசும் சுகாதார ஊழியர், வேலை முடிந்த நேரத்தில், கொட்டகைக்கே செல்ல வேண்டும். சிகிச்சை நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மூடியுள்ள தொட்டியும் கக்கூசும் காண்ட்ராக்டர் பொறுப்பு.

தோழர்களே! சர்க்கார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கொட்டகையில் ஜுரம் என்று கேட்டால், இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் விசாரியுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணை செல்லுங்கள். கொசு ஊர் பார்த்துக் கடிப்பதில்லை. அவர்கள் கொட்டகை சுத்தமாக இருந்தால்தான் நம் தெருவும் பிழைக்கும்.