வம்பயருக்குக் கவசம் இல்லை

போன மாத வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சப்பாத்துப் பெட்டியோட போனேன். பெட்டிக்குள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள 13.6 சென்ரிமீற்றர் நீளமான ஒரு கப்பல். பஸ்ஸில ஒன்றரை மணித்தியாலம் மடியில வச்சுக்கொண்டு போனது. மேசையில எடுத்து வச்ச உடனே ஒரு தோழர் கேட்டார்: "மச்சான், யுத்தம் திண்டு துப்பின ஊரில பிறந்திட்டு யுத்தக் கப்பல் செய்து விளையாடுறியே, உனக்கு வெட்கமா இல்லையா?" ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒரு அக்கா மட்டும் கிட்ட வந்து குனிந்து பார்த்தா. அண்டைக்கு எனக்குப் பதில் வரல்ல. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வந்திட்டன். இப்ப எழுதுறேன். கோபத்தில எழுதுறது எண்டு வச்சுக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன கப்பல் எண்டு கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அது வம்பயர். 1917இல் இங்கிலாந்தில் கடலில் இறக்கப்பட்டு, 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கொடுக்கப்பட்ட நாசகாரிக் கப்பல். மத்தியதரைக் கடலில் இவளையும் இன்னும் நாலு பழைய அவுஸ்திரேலியக் கப்பல்களையும் ஜேர்மன் பிரசாரம் பழைய இரும்புக் குவியல் எண்டு நக்கலடித்தது. அவங்கள் அந்தப் பெயரையே பெருமையாக வைத்துக்கொண்டாங்கள். 1941 டிசம்பரில் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் எண்ட இரண்டு பெரிய கப்பல்கள் மலாயாவுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுக்குத் துணையாகச் சிங்கப்பூரில் இருந்து புறப்பட்ட நாசகாரிகள் 4. அந்த நாலில் இரண்டு, நாலு மாதம் கழித்து எங்கட தீவில் வந்து முடிந்தன. டெனெடோஸ் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்புத் துறைமுகத்தில். வம்பயர் ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு நேரே. விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸும் அண்டைக்கு வம்பயரோட சேர்ந்து போனது. விமானந்தாங்கியில ஒரு விமானம்கூட இல்லை. ஹேர்மிஸில் 307 பேர், வம்பயரில் கப்ரனோடு சேர்த்து 9 பேர். நாங்கள் குளிக்கிற கடல் இது.

இனி "விளையாட்டு" எண்ட சொல்லுக்கு வருவம்.

என்னுடைய கப்பல் 700இல் ஒரு பங்கு அளவு. சித்தப்பா மெல்பேணில இருந்து அனுப்பின ஜப்பான் பெட்டி. பெட்டியில் வருகிற துப்பாக்கி மறைப்புத் தகடு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பு. அரை மில்லிமீற்றரை 700ஆல் பெருக்கிப் பாருங்கள்: 35 சென்ரிமீற்றர். போர்க்கப்பல்களிலேயே மிகப் பெரியவற்றின் பக்கத்தில் போடுகிற கவசத்தின் தடிப்பு அது. நாசகாரிக்குக் கவசமே கிடையாது. வேகத்துக்காக எல்லாம் மெல்லிசான தகடு. அமெரிக்க மாலுமிகள் தங்கட நாசகாரிகளைத் தகரப் பேணி எண்டு கூப்பிட்டது சும்மா இல்லை. ஆக, பெட்டியில் உள்ளபடி ஒட்டினால் பிளாஸ்ரிக் அந்தக் கப்பலுக்கு இல்லாத கவசத்தைக் கொடுத்துவிடும். பார்க்கிறவனுக்கு அது ஒரு குட்டிக் கோட்டை மாதிரித் தெரியும். துல்லியமாகச் செய்ய வேண்டும் எண்டால் அந்தத் தகட்டை அரத்தாளால் தேய்க்க வேண்டும், வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு. நான் 3 இரவு தேய்ச்சேன். ஒன்று கையில உடைஞ்சு போச்சு. அப்பதான் எனக்கு விளங்கினது, அந்த மனுசர் எதுக்குள்ள நிண்டவங்கள் எண்டு. புத்தகத்தில "கவசமற்ற கப்பல்" எண்டு வாசிக்க ஒரு செக்கன் போதும். விரலுக்கு விளங்க 3 இரவு வேணும்.

அளவு எண்டது இரக்கமில்லாதது. ஒரு தலைமுடியை 700 மடங்காக்கினால் 5 சென்ரிமீற்றர் தடிப்பான கம்பி. ஆகவே பாய்மரக் கம்பிகளுக்கு முடிகூடக் கூடாது. உதிரிகள் பொருத்தி வருகிற பிளாஸ்ரிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுதிரிக்கு மேலே பிடித்து, இளகின உடனே இரண்டு பக்கமும் இழுத்தால் சிலந்தி நூல் மாதிரி வரும். அதைத்தான் கட்டுகிறோம். பத்துக்கு எட்டு அறுந்துபோகும். அம்மா இதை "பேன் பாக்கிற வேலை" எண்டு சொல்லுவா. சரியான பெயர்தான்.

இதைவிடக் கஷ்டம் திகதி. "வம்பயரின் மாதிரி" எண்டு ஒன்று கிடையாது. 1917இன் வம்பயர், 1940இன் வம்பயர், 1942 ஏப்ரலின் வம்பயர் வேறு வேறு கப்பல்கள். 25 வருசத்தில் துவக்குகள் மாறும், கூண்டுகள் மாறும், நிறம் மாறும். எந்த நாள் எண்டு முடிவெடுக்காமல் ஒரு துளி பெயின்றும் அடிக்க ஏலாது. நிறத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் நம்ப வேண்டும். அவையும் பொய் சொல்லும். அந்தக் காலத்துப் பிலிம் சிலவற்றில் சிவப்புக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். (நம்பமாட்டீர்கள், இளஞ்சிவப்பு நாசகாரிகளும் இருந்தன. மவுண்ட்பேட்டன் தன் கப்பல்களுக்கு அடிப்பித்த நிறம் அது. விடியலிலும் மைம்மலிலும் கண்ணுக்குத் தெரியாது எண்ட கணக்கு. அதே மவுண்ட்பேட்டன்தான் 1944இல் பேராதனைப் பூந்தோட்டத்தில் தலைமையகம் போட்டவர்.)

அந்த நாளின் மிகத் தெளிவான படம் எது தெரியுமா? ஹேர்மிஸ் எரிந்து மூழ்குகிற படம். அதை எடுத்தது ஜப்பானிய விமானத்தில் இருந்தவன். குண்டு போட்டவனின் பக்கத்தில் இருந்து எடுத்த படத்தை வைத்துத்தான், குண்டு விழுந்தவனின் கப்பலை 80 வருசத்துக்குப் பிறகு ஒருத்தன் அளந்து செய்கிறான். இதில் எங்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. 2011இல் சனல் 4 காட்டிய எங்கட கடைசி நாட்களின் காட்சிகளில் சில, சிப்பாய்கள் தங்கட போனில் எடுத்தவை. கொன்றவன் பெருமைக்கு எடுத்த படத்தை, பொறுமையாக அளக்கத் தெரிந்தவன் சாட்சியாக மாற்றலாம். அளக்கத் தெரியாதவன் அதைப் பார்த்து அழலாம், பகிரலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய ஏலாது.

இதைச் சொல்லும்போது என்னுடைய ஆக்களையும் விடப்போவதில்லை. இந்தப் பொழுதுபோக்கில் துல்லியம் எண்ட பெயரில் நடக்கிற கூத்துக்கு அளவில்லை. சாம்பல் நிறத்தில் நீலம் எத்தனை வீதம் எண்டு இரவு இரவாகச் சண்டை. ஜேர்மன் சட்டம் நாசிச் சின்னத்தைத் தடுக்கிறதால், ஜேர்மன் நாசகாரிப் பெட்டிகளில் கொடியின் அந்த அடையாளம் பல நேரம் இராது, அல்லது துண்டு துண்டாக வரும். உடனே "வரலாற்றை அழிக்கிறாங்கள்" எண்டு கத்துவார்கள். சரி, வரலாறு வேணும் எண்டால் முழுதாய் வேணும். அந்தக் கொடி எதற்காக ஏறினது எண்டதும் வரலாறுதானே? அதைக் கேட்டால் "இஞ்ச அரசியல் வேண்டாம்". ஆணிக்கு ஆணி கணக்கு, ஆளுக்குக் கணக்கில்லை. 700இல் ஒரு பங்கில் மனிசன் 2.4 மில்லிமீற்றர். நான் பார்த்த அநேகமான மாதிரிகளில் ஒருத்தரும் இல்லை. நங்கூரச் சங்கிலியில் கண்ணி எண்ணிவைத்தவன் நூற்றுக்கு மேற்பட்ட ஆக்கள் இருந்த கப்பலை ஆளில்லாமல் விடுகிறான். அதுக்குப் பெயர் துல்லியமா? பெட்டிப் படங்களைப் பாருங்கள்: கப்பல் எப்போதும் முழு வேகத்தில், முன்னால் வெள்ளை நுரை, வானத்தில் ஒரு வெளிச்சம். மூழ்குகிற கப்பலைப் பெட்டியில் போட்டு விற்க மாட்டார்கள்.

ஆக, யுத்தத்தைக் கொண்டாடுகிற மாதிரிக்காரர் இருக்கிறார்கள். தோழர் சொன்னதில் அவ்வளவும் உண்மை. ஆனால் அவர்கள் கொண்டாடுவது துல்லியத்தால் இல்லை, துல்லியத்தைப் பாதியில் நிறுத்துவதால். முழுதாய்ப் போனால் கொண்டாட இடமே இருக்காது. 1942 ஏப்ரல் 9 காலை எண்டு நீங்கள் முடிவெடுத்த நிமிசமே அடுத்த கேள்விகள் வரும். 8ஆம் திகதி இரவு திருகோணமலையை விட்டு அனுப்பப்பட்ட கப்பல் ஏன் மறுநாள் காலை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது? விமானந்தாங்கியை விமானம் இல்லாமல் கடலுக்கு அனுப்பின கணக்கு யாருடையது? எண்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் வரும்போது, முதல் உலகப் போரில் கட்டின கப்பலுக்கு வானத்தைப் பார்க்கிற துவக்கு எத்தனை? இதில் எந்தப் பதிலிலும் வீரம் இல்லை.

தோழருக்கு இன்னொன்று. தொடாமல் விடுகிறது சுத்தம் எண்டு நினைக்கிறீங்க. நாங்கள் தொடாமலா இருக்கிறோம்? ஒவ்வொரு மே மாதமும் வேறு ஏதோ நாட்டுப் போரின் படம் எங்கட படமாக முகநூலில் சுற்றும். இது எந்த இடம், எந்தத் திகதி எண்டு கீழே கேட்டுப் பாருங்கள். "உணர்வில்லாதவன்" எண்டு விழும். எனக்கே விழுந்தது. அந்தப் படம் பொய் எண்டு மற்றப் பக்கத்தான் கண்டுபிடிக்கிற அண்டைக்கு, உண்மையான பத்துப் படமும் அதோட சேர்ந்து பொய்யாகும். எங்கட துயரத்துக்கு அளவுநாடா பிடிக்கிறது அவமரியாதை எண்டு யார் சொல்லித்தந்தது? ஹேர்மிஸின் 307ஐ யாரும் "முந்நூறுக்கு மேல், ஆயிரமும் இருக்கலாம்" எண்டு சொல்வதில்லை. சொல்ல விடமாட்டார்கள். பேர் பேராக எண்ணி வைத்திருக்கிறார்கள். எங்களை எண்ண விடவில்லை, அது உண்மை. அதுக்காக, எண்ணுகிற பழக்கத்தையே நாங்களும் விட்டுவிடுவதா?

இப்ப என் மேசையில் இருக்கிற வம்பயருக்கு நேரம் காலை 10 மணி. இன்னும் ஒன்றும் விழவில்லை. பிளாஸ்ரிக் நூலை 2.4 மில்லிமீற்றருக்கு வெட்டி, நுனியில் ஒரு புள்ளி தோல் நிறம் வைத்து, இதுவரை 23 பேர் மேல்தளத்தில் நிற்கிறாங்க. மிச்சப் பேரை எங்கே நிறுத்துறது எண்டுதான் தலையிடி. கப்பல் வடக்கே போகுது, ஆகவே கரை இடப்பக்கம். ரெண்டு பேரை அந்தப் பக்கம் பார்க்க விட்டிருக்கிறேன். வானத்தைப் பார்க்க இன்னும் யாரையும் வைக்கவில்லை.

அடுத்த வட்டத்துக்கும் கொண்டு வருவேன். கண்ணாடி போடுற ஆக்கள் கண்ணாடியோட வாங்கோ. தொட வேண்டாம், பின்பக்கக் கம்பி இன்னும் காயல்ல.