‘இக்கதை உணர்த்தும் படிப்பினை யாது?’ – இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் தரம் 8, 9 பிள்ளையளோடு இருந்து சிறுகதை வாசிக்கிறோம். நாங்கள் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம். ஒருத்தருக்கும் ஆசிரியப் பயிற்சி கிடையாது. அதனால் இதை அறிவுரையாக எடுக்க வேண்டாம். ஒரு கதையை ஒருமுறை பிழையாகவும், இன்னொருமுறை கொஞ்சம் பிழை குறைவாகவும் படிப்பித்த ஆக்களின் அபிப்பிராயம் எண்டு எடுங்கோ.

கதை மாப்பசானின் ‘நெக்லஸ்’. பிரான்சில் 1884இல் வெளிவந்தது. இன்னும் வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வாங்கோ, முடிவைக் கீழே சொல்லத்தான் போறோம். மத்தில்ட் என்ற பெண்ணின் கணவன் கல்வி அமைச்சில் சாதாரணக் கிளாக். அமைச்சரின் விருந்துக்கு அழைப்பு வருகிறது. துவக்கு வாங்கவெண்டு அவன் சேர்த்து வைத்த 400 பிராங் அவளுடைய உடுப்புக்குப் போகிறது. கழுத்துக்குப் போட, பணக்காரச் சிநேகிதி ஃபொரெஸ்தியேயிடம் வைர அட்டியல் ஒன்றை இரவல் வாங்குகிறாள். விருந்து முடிந்து வரும்போது அது துலைந்துவிடுகிறது. சிநேகிதிக்குச் சொல்லாமல், 36,000 பிராங்குக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்து வருசம் அந்தக் கடனை அடைக்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, துலைந்தது போலி நகை, மிஞ்சினால் 500 பிராங் பெறும் எண்டு.

போன வருசம் இதை நாங்கள் கெடுத்த விதம் இதுதான். கதைச் சுருக்கத்தைச் சொல்லி, போட்டோக்கொப்பியைக் கொடுத்து, ‘இதிலயிருந்து என்ன படிச்சனீங்கள்?’ எண்டு கேட்டோம். ரெண்டு நிமிசத்தில் எல்லாக் கொப்பியிலும் விடை இருந்தது. பேராசை பெருநட்டம். இருப்பதைக் கொண்டு திருப்தியடைய வேண்டும். ஒரு பிள்ளை இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த பழமொழியையே எழுதியிருந்தது. பரீட்சையில் எல்லாத்துக்கும் புள்ளி விழும். ஆனால் ரெண்டாம் பக்கத்துக்கு அங்கால ஒருத்தரும் வாசித்திருக்கவில்லை. கதையை வாசிக்காமலே படிப்பினை எழுதலாம் எண்டது அண்டைக்குத்தான் எங்களுக்கு விளங்கினது. (நாங்களும் சாதாரண தரத்துக்கு அப்பிடித்தான் எழுதிப் பாஸ் பண்ணினோம் எண்டது வேற கதை.)

இந்த வருசம் புதுப் பிள்ளையள் வந்தார்கள். கடைசிப் பக்கத்தை ஒளித்து வைத்துவிட்டு, மற்றதைச் சத்தமாக வாசித்தோம். இடையிடையே நிறுத்தினோம். அழைப்பிதழைக் கண்டதும் மத்தில்ட் ஏன் அழுகிறாள் எண்டு பொடியளுக்கு விளங்கவில்லை. பெட்டையளுக்கு விளக்கம் தேவைப்படவே இல்லை. பிராங் எவ்வளவு பெறுமதி எண்டு கேட்டபோது ரூபாய்க்கு மாற்றப்போய் நாங்கள் தடுமாற, ஒருவன் சொன்னான்: ‘துவக்கு 400 எண்டா, அட்டியல் 90 துவக்கு.’ அதைவிட நல்ல விளக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

நகை துலைந்த இடத்தில் நிறுத்தி, நீங்களெண்டா என்ன செய்வீங்கள் எண்டு கேட்டோம். பெரும்பாலும் எல்லாரும் ‘உண்மையச் சொல்லுவம்’ என்றார்கள். வகுப்பில் சொல்லவேண்டிய விடை எது எண்டு பிள்ளையளுக்கு நல்லாத் தெரியும். ஒருத்தி மட்டும், ‘சொன்னா கள்ளி எண்டெல்லோ நினைப்பினம்’ என்றாள். கொஞ்சம் தள்ளி வாசித்தால் மத்தில்டின் மனதிலும் இதே பயம்தான் இருக்கிறது. அவள் அந்தப் பக்கத்தை இன்னும் வாசிக்கவில்லை.

பத்து வருசக் கடனைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, வழமையாகக் கதைக்காத ஒரு பிள்ளை, ‘கடன்காரர் வாற நாள் எங்கட வீட்டு முன்கதவு பூட்டியிருக்கும்’ எண்டு சொன்னது. பிறகு ஒண்டும் சொல்லவில்லை. எங்களுக்கும் என்ன சொல்லுறதெண்டு தெரியவில்லை, தொடர்ந்து வாசித்தோம். கிளறிக் கேட்காமல் விட்டது சரியெண்டுதான் இப்பவும் நினைக்கிறோம். ஆனால் போன வருசம் மாதிரி ‘பேராசை பெருநட்டம்’ எண்டு பலகையில் எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லியிருக்கக்கூடியது ஒன்றுதான்: உங்கட வீட்டுக் கடனுக்கும் உங்கட அம்மாவின்ர ஆசைதான் காரணம். நுண்கடனும் ஈட்டுக்கடையும் பழகிப்போன ஊர்களில் இந்தக் கதையை அப்பிடிப் படிப்பிக்கிறது பிழை மட்டுமில்லை, கொடுமையும்.

கடைசிப் பக்கத்தைக் கொடுத்ததும் பிள்ளையளுக்குக் கோவம் வந்தது, மாப்பசானில. ‘ஏமாத்திப்போட்டார்’ என்றார்கள். அப்ப மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசியுங்கோ, உண்மையிலேயே ஏமாற்றினாரா எண்டு பாருங்கோ என்றோம். அந்த ஞாயிறின் மிச்ச நேரம் முழுக்க இதில்தான் போனது.

முதலில் கண்டுபிடித்தது ஃபொரெஸ்தியே ஒரு தயக்கமும் இல்லாமல் அட்டியலைக் கொடுக்கிற இடத்தை. ‘வைரமெண்டா ஆரும் அப்பிடித் தூக்கிக் குடுப்பினமோ?’ அடுத்தது, திருப்பிக் கொடுக்கும்போது அவள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காதது. மூன்றாவதை நாங்கள் நாலு பேரும் இத்தனை தரம் வாசித்தும் கவனிக்கவில்லை, பின்வாங்கில் இருந்த பொடியன் ஒருவன் பிடித்தான். நகை துலைந்தபிறகு, பெட்டியில் பெயர் இருந்த கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அந்த அட்டியலைத் தான் விற்கவில்லை, பெட்டியை மட்டுமே கொடுத்ததாகச் சொல்கிறார். ‘அண்ணா, பெட்டி ஒரு கடை, நகை வேற கடை. அப்பவே எங்களுக்குச் சொல்லிப்போட்டார்!’ கவரிங் நகையை நல்ல கடைப் பெட்டிக்குள் வைக்கிற பழக்கம் தங்கட வீட்டிலும் இருக்கெண்டு இன்னொருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது.

எங்கட வாதம் இவ்வளவுதான்: படிப்பினைக் கேள்வி இந்த இரண்டாம் வாசிப்பை நடக்க விடாது. விடை கிடைத்தபிறகு ஆர் திரும்பிப் போய்ப் பெட்டிக்கடைக்காரரைத் தேடப்போகினம்? ஆசிரியர்மாரைக் குறைசொல்ல வரவில்லை. குறுகிய பாடநேரம், முடிக்கவேண்டிய பாடத்திட்டம், தவணைப் பரீட்சை, அதுக்குள் ஒரு கதையை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்வது எங்களுக்கு லேசு. ஆனால் வினாத்தாளில் ஒரு கேள்வியை மாற்றலாம். ‘முடிவை முன்கூட்டியே காட்டும் இடமொன்றைக் கதையிலிருந்து எடுத்துக் காட்டுக’ எண்டு கேட்டால், வாசிக்காமல் ஒருத்தரும் எழுத ஏலாது.

மத்தில்ட் குற்றமற்றவள் எண்டும் நாங்கள் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தி இன்னும் அவளில் கோவமாத்தான் இருக்கிறாள். புருசன் தகப்பன்வழி வந்த 18,000 பிராங்கையும் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக் கையெழுத்தாப் போட்டுக் கடன் எடுத்ததைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை எண்டது அவளுடைய முறைப்பாடு. அது நல்ல முறைப்பாடு. அதையும் வகுப்பில் போட்டோம், ஒருத்தரும் ஒத்துவரவில்லை.

அடுத்த ஞாயிறு வேறு கதை கொண்டுபோயிருந்தோம். தொடங்க விடவில்லை. பின்வாங்குப் பொடியன் கொப்பியோடு எழும்பி, ஃபொரெஸ்தியே அம்மா மத்தில்டுக்கு 35,500 பிராங் திருப்பிக் கொடுக்கோணும், 36,000இல் 500 போக மிச்சம் அதுதான் என்றான்.

‘பத்து வருச வட்டியையும் சேரடா’ எண்டு முன்னுக்கிருந்து ஒரு குரல் வந்தது.