மண்ணுக்குத் தெரிந்த அழுக்கு

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மாண்டெபெல்லோ. 1962 முதல் அங்கே சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரை மழைநீரோடு சேர்த்து மணற்குளங்களில் விடுகிறார்கள். அது மெல்ல மண்ணில் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்கிறது. பிறகு கிணற்றிலிருந்து இறைத்துக் குடிக்கிறார்கள். யார் வீட்டுக் கக்கூஸ் தண்ணி என்று கேட்டா குடிக்கிறார்கள்?

இங்கே? 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாணியும் மூத்திரமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள் சாதி இந்துக்கள். 2022இல் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சாதிக்குத் தெரிந்த அழுக்கு வேறு. மண்ணுக்குத் தெரிந்த அழுக்கு வேறு.

மண் செய்வது மந்திரமில்லை, வேலை. மணல் கிருமிகளைப் பிடித்துவைக்கும். மேல்மண்ணின் நுண்ணுயிர்கள், நம் மூத்திரத்தோடு போகும் இபுப்ரோஃபென் போன்ற மருந்துகளின் மிச்சத்தைத் தின்று செரிக்கும். குளத்தை நிரப்பி, காயவிட்டு, மறுபடி நிரப்பணும். அப்போதுதான் மண்ணுக்குள் காற்றுப் போகும், அதுகளும் பிழைக்கும்.

ஆனால் மண்ணாலும் ஆகாதது உண்டு. வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் பெரும்பாலும் சிதையாமலே கடந்துபோகும். ஒட்டாத பாத்திரப் பூச்சுக்குப் பயன்பட்ட ஃபுளோரின் ரசாயனங்களும் அப்படித்தான். கரைந்த உப்பையும் மண் நிறுத்தாது. அதனால்தான் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, புறஊதாக் கதிரும் காட்டிய பிறகே கழிவுநீரை நிலத்தடிக்கு அனுப்புகிறார்கள்.

உப்பு என்றதும் நமக்கு வாணியம்பாடியும் ஆம்பூரும் ஞாபகம் வரணும். தோல் ஆலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கியது, கிணறுகள் கெட்டன. கெடுத்தவனே ஈடு கொடுக்கணும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னதால் கிணறு இனிக்கவில்லை. அந்தத் தோலை ஊறவைத்த கைகள் யாருடையவை, தோழர்களே?

நிலத்தடி நீரைப் பெருக்குவதை நாம் எதிர்க்கவில்லை. கழிவுநீர்க் குளத்தை எங்கே வெட்டுகிறீர்கள், அது இறங்கும் பக்கம் யாருடைய கைப்பம்பு என்றுதான் கேட்கிறோம். மண்ணில் விடும் முன்பே சுத்திகரிக்கணும். குளத்துக்கும் சேரிக்கும் நடுவே சோதனைக் கிணறு போடணும். உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, மருந்து மிச்சம் எவ்வளவு என்று மாதாமாதம் தமிழில் எழுதி நம் தெருவில் ஒட்டணும்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் ஐம்பது ரூபாய் போட்டாலும் பாஸ்புக்கில் பதிந்து கொடுக்கிறோம். குடிக்கிற தண்ணிக்குப் பாஸ்புக் கிடையாதா? அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள்.