காற்றுள்ளபோதே...

பேராவூரணி டீக்கடையில் தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான்: ''அண்ணே, 'ஆப்பர்ச்சூனிஸ்ட்'னா திட்டா, பாராட்டா? மேனேஜர் என்னை அப்படிச் சொல்லிட்டாரு.''

''அப்படி என்னடா பண்ணினே?''

''பக்கத்து சீட்டுக்காரன் லீவு. அவன் முடிச்சு வெச்ச ஃபைலை நான் கொண்டுபோய் நீட்டினேன்...''

''அப்ப திட்டுதான்!''

ஆனால் பிறக்கும்போது அது கெட்ட வார்த்தை இல்லை. லத்தீனில் 'போர்ட்டஸ்' என்றால் துறைமுகம். கப்பலைத் துறைமுகம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிற காற்று 'ஆப்பர்ச்சூனஸ்'. பாய்மரக் காலத்து மல்லிப்பட்டினம் மீனவரிடம் சொன்னால், ''அந்தக் காத்துல பாய் விரிக்காதவன் மடையன்''என்றிருப்பார். நம்ம ஊர்க் களத்துமேட்டிலும் அதே பாடம்தான்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

அரசியலில் நுழைந்ததும் வார்த்தை கெட்டது. 19-ம் நூற்றாண்டு பிரான்ஸில், 'சீர்திருத்தமெல்லாம் நேரம் பார்த்துத்தான்' என்ற கம்பெட்டா கோஷ்டிக்கு அதுவே பட்டப்பெயர். தமிழில் சந்தர்ப்பவாதி. நம் நாட்டு சாம்பியன், ஹரியானா எம்.எல்.ஏ. கயாலால். 1967-ல் பதினைந்தே நாளில் மூன்று முறை கட்சி மாறி, 'ஆயாராம் கயாராம்' என்ற சொல்லையே தந்தவர். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. காற்று மட்டும் நின்றபாடில்லை!

ஊரானைச் சொல்வானேன்? 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. என்னிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. செல்போன் சார்ஜ் போட முப்பது ரூபாய் வாங்கினேன். பெட்ரோல் காசு போக நல்ல லாபம்.

தோப்பு மொத்தமும் போன பெரியவர் ஒருவர் வந்தார். ''சிங்கப்பூர்ல இருக்க மவன்கிட்ட உசுரோட இருக்கேன்னு சொல்லணும் தம்பி'' என்று மடியிலிருந்து சில்லறையாக எண்ணி வைத்தார். வாங்கிக்கொண்டேன். பேசி முடித்ததும், ''நல்லா இருப்பா'' என்று வாழ்த்திவிட்டு வேறு போனார். அந்த வாழ்த்து இன்னும் உறுத்துகிறது.

தம்பியிடம் சொன்னேன்: ''காத்துல தன் நெல்லைத் தூத்தினா அவன் விவசாயி. அடுத்தவன் நெல்லைத் தூத்தினா, அடுத்தவன் கூரை பறக்கிற காத்துல தூத்தினா, மேனேஜர் சொன்ன வார்த்தை.''

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான். மனசு கேட்காமல் அவன் டீக்கும் சேர்த்துக் காசை எடுத்தேன்.

சட்டென்று நிமிர்ந்தான்.

''அண்ணே... அப்படியே ரெண்டு வடை?''