பிள்ளைக்குப் பேர் எங்கே?

கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கி, கால் கழுவி, ஒரு வாய் சாயம் குடிக்க உட்காரும் மாலை நேரம். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, லயத்து இஸ்தோப்பில், ஐந்தாறு பெண்கள் ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். திரையிலே சென்னைக் குடும்பம் ஒன்று. தாய் சமைக்கிறாள், தந்தை படம் பிடிக்கிறான், மூன்று வயதுக் குழந்தை விழுந்துவிட்டு அழுகிறது. அழும் முகத்தருகே கமரா நெருங்குகிறது. தூக்க வேண்டிய கை, படம் பிடிக்கிறது.

“பாருக்கா, புள்ள அழுவுது, தூக்காம நிக்கிறான்!” என்றாள் இளையவள்.

“அவுங்க புள்ள, அவுங்க வீடு. நமக்கென்னாடி தங்கச்சி?” என்றாள் மூத்தவள்.

நமக்கென்ன? இந்தக் கேள்வியோடு லயத்தை விட்டு இறங்கிய எனக்கு, பெரகலைச் சந்தி வரையில் வேறு நினைவில்லை. குடும்ப வாழ்க்கையைப் படமாக்கி யூடியூபில் வெளியிட்டுப் பொருள் ஈட்டுவோர் பெருகிவிட்டனர். அவர்கள் வாழும் முறையையும் பிள்ளை வளர்க்கும் முறையையும் கண்டிப்போர், அவர்களைவிடப் பெருகிவிட்டனர். கண்டிப்பவர்களைப் பார்த்து, “அடுத்தவன் அடுக்களையை எட்டிப் பார்க்கும் அற்பர்களே!” என்று சாடுவோரும் உண்டு. எந்தப் பக்கம் நியாயம்?

எட்டிப் பார்த்தோம் என்ற குற்றச்சாட்டை முதலில் தள்ளிவிடலாம். கதவைத் திறந்தவர்கள் அவர்கள். வாருங்கள் வாருங்கள் என்று கூவியவர்கள் அவர்கள். வந்தவர்களின் தலையை எண்ணி விளம்பரக் கம்பெனியிடம் காசு வாங்கியவர்களும் அவர்களே. கடை விரித்தவன், சரக்கைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. அந்தக் கடையிலே விரிக்கப்பட்ட சரக்கு எது? சேலையா, சமையலா, புதுக் காரா? அவை பற்றி நமக்குக் கவலையில்லை. அந்தத் தாயின் உடல் பருமன் பற்றியும், அவள் நகை பற்றியும், அவள் பிறந்த சாதி பற்றியும் எழுதிக் குவிக்கிறார்களே, அது கண்டனமன்று, கழிசடை. கவனித்தீர்களா, படம் பிடிக்கும் தந்தைமேல் ஒரு துளி விழுந்தால், சமைக்கும் தாய்மேல் ஒரு வாளி விழுகிறது! பொறாமையும் பெண்ணை இழிவுசெய்யும் புத்தியும் ஒழுக்கம் என்ற முகமூடி மாட்டிக்கொண்டு வருவதை நான் மறுக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சி நிற்பது, வாய் திறந்து சம்மதமென்றோ மறுப்பென்றோ சொல்லத் தெரியாத பிள்ளை. அந்தப் பிள்ளைக்காகப் பேசும் உரிமை உலகத்துக்கு உண்டு என்பதே என் கட்சி.

தமிழகத்தில் நடந்ததைப் பாருங்கள். உணவகங்களைப் பற்றிய காணொளிகளால் பெயர்பெற்ற இர்ஃபான் என்பவர், தம் மனைவியின் வயிற்றிலிருந்த சிசு ஆணா பெண்ணா என்பதை துபாயில் சோதித்தறிந்து, விருந்து நடத்தி, 2024 மே மாதம் காணொளியாக வெளியிட்டார். பெண் சிசுக்களைக் கருவிலேயே கொன்று குவித்த கொடுமையைத் தடுக்க 1994இல் இந்தியா இயற்றிய சட்டம், சிசுவின் பாலை வெளிப்படுத்துவதைத் தடைசெய்கிறது. கண்டனம் எழுந்தது, சுகாதாரத் துறை விளக்கம் கேட்டது, அவர் மன்னிப்புக் கேட்டுக் காணொளியை நீக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு காணொளி. பிரசவ அறைக்குள் கமரா. குழந்தையின் தொப்புட்கொடியைத் தந்தையே கத்தரிக்கும் காட்சி. மீண்டும் கண்டனம். அதற்கு இடங்கொடுத்த மருத்துவமனைக்கு 50,000 ரூபா அபராதமும் பத்து நாள் தடையும் விதிக்கப்பட்டன.

இர்ஃபானை அன்பில்லாத தந்தை என்று சொல்ல நான் முன்வரவில்லை. மகிழ்ச்சி மிகுதியால் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். சட்டம் கேட்டது இரண்டு கேள்வி: பாலை ஏன் வெளிப்படுத்தினாய்? அறுவை அறைக்குள் எப்படி நுழைந்தாய்? இரண்டும் சரியான கேள்விகளே. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பிறக்குமுன் ஒரு படம், பிறந்தவுடன் ஒரு படம்; கண் திறக்காத அந்தச் சிசு இரு முறை வேலைக்கு வந்துவிட்டதே, அதன் கூலி எங்கே? அந்தக் கேள்வியை எந்தத் துறையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஏசுவதால் என்ன பயன் என்பாரும் உளர். அவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பார்க்கட்டும். ரூபி ஃபிராங்கி என்ற பெண்மணி. ஆறு பிள்ளைகளின் தாய். 2015இல் குடும்பக் காணொளி தொடங்கினார். ஏறத்தாழ 25 இலட்சம் சந்தாதாரர் சேர்ந்தனர். ஒழுக்கம் கற்பிக்கும் உத்தமத் தாய் என்று உலகம் மெச்சியது. ஆறு வயது மகள் மதிய உணவை மறந்து பள்ளிக்குப் போய்விட்டாள். ஆசிரியை தெரிவித்தும், கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன், பட்டினியால் பாடம் படிக்கட்டும் என்ற கருத்தில் அந்தத் தாய் கமராவின் முன்னாலேயே பேசினார். மகனிடமிருந்து கட்டிலைப் பறித்து ஏழு மாதம் பீன்பேக்கில் (மணிப்பை இருக்கையில்) கிடத்திய கதையும் 2020இல் காணொளியிலேயே வெளிவந்தது. பார்த்தவர்கள் பதறினர். கையெழுத்துத் திரட்டினர். அதிகாரிகளுக்கு எழுதினர். விளைவு? ஒன்றுமில்லை. “பொறாமைக்காரர்கள்” என்ற பட்டமே கிடைத்தது.

மூன்று ஆண்டு கழிந்தது. 2023 ஆகஸ்ட் 30ஆம் நாள், பன்னிரண்டு வயது மகன், தாயின் கூட்டாளி வீட்டு யன்னல் வழியாகத் தப்பி, அயலார் கதவைத் தட்டி, உணவும் தண்ணீரும் கேட்டான். கைகால்களில் கட்டப்பட்ட காயம். உடல் மெலிந்து எலும்பு தெரிந்தது. தாயும் கூட்டாளியும் கைதாயினர். குற்றத்தை ஒப்புக்கொண்ட தாய்க்கு 2024 பெப்ரவரியில் நான்கு தண்டனைகள், ஒவ்வொன்றும் ஓராண்டு முதல் பதினைந்தாண்டு வரை, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க விதிக்கப்பட்டன. எட்டிப் பார்க்கும் அற்பர்கள் என்று ஏசப்பட்டவர்கள் சொன்னதுதான் உண்மையாயிற்று!

எல்லாக் குடும்பக் காணொளிக்காரரும் ரூபி ஃபிராங்கி அல்லர். அப்படிச் சொன்னால் அது அக்கிரமம். பெரும்பாலானோர் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பர். இருந்தும், பிள்ளை சிரித்தால் இத்தனை பேர், அழுதால் அத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிய வீட்டில், பிள்ளையின் அழுகைக்கு ஒரு விலை ஏறிவிடுகிறது. நம் ஏச்சுக்கும் விலை உண்டு. எழுதப்படும் கருத்துரை ஒவ்வொன்றும் காணொளியைச் சுற்றிக் கூட்டம் கூடியிருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். “இவளெல்லாம் ஒரு தாயா?” என்று ஆத்திரத்தோடு அதைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறவர், அந்தக் கடைக்குப் பத்து வாடிக்கையாளரை அனுப்புகிறார்.

தோட்டத்துப் பிள்ளைகளின் வழிவந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதா? நம் பாட்டன்மார் சிறுவராகப் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவர்கள். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி வகுத்தபோது, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று எழுதினார்கள். பிள்ளைக்கு 32 சதம்! அதைப் பெருமை என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையை மலையில் ஏற்றிய வெட்கக்கேடு அது. அந்த வெட்கக்கேட்டிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. பிள்ளை செய்தது வேலைதான் என்று வெள்ளைக்காரத் துரையும் ஒப்புக்கொண்டான். செக்ரோலில் பேர் விழுந்தது. குறைந்தால் அரைப்பேர் என்றேனும் விழுந்தது. யூடியூப்புத் தோட்டத்திலே நாள் தவறாமல் வேலைக்கு இறங்கும் பிள்ளைக்கு முழுப்பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. கணக்கப்பிள்ளையும் அப்பன், கங்காணியும் அப்பன், துரையும் அப்பன்!

பெற்றோர் சம்பாதிப்பது பிள்ளைக்குத்தானே என்று கேட்பீர்கள். ஜாக்கி கூகன் என்ற சிறுவனின் கதை அதற்குப் பதில் சொல்லும். 1921இல் சார்லி சப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்றவன். பல இலட்சம் டொலர் ஈட்டினான். வளர்ந்து ஆளானபின் தன் பணம் எங்கே என்று கேட்டால், பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. 1938இல் தாய்மேலும் மாற்றாந்தந்தைமேலும் வழக்குத் தொடர்ந்தான். அதன் பின்னரே 1939இல் கலிஃபோர்னிய மாநிலம், பிள்ளை நடிகரின் வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்கென ஒதுக்கச் சட்டம் செய்தது. பிரான்ஸ் நாடு 2020இல், பதினாறு வயதுக்குட்பட்டோரை வைத்துக் காணொளி எடுத்துப் பொருளீட்டுவோருக்குச் சட்டம் வகுத்தது. வேண்டாத காணொளியை நீக்கும்படி கேட்கும் உரிமையை, பெற்றோர் சம்மதமின்றியே, அது பிள்ளைக்கு வழங்கியது. இல்லினோய் மாநிலத்துச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. யூட்டாவும் 2025இல் விழித்துக்கொண்டது. நம் நாட்டிலோ, வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தினோம். நல்ல காரியம். தேநீர்க் கடைக்காரர் பதினைந்து வயதுப் பையனைக் கிண்ணம் கழுவ வைத்தால் குற்றம். ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, மீண்டும் ஒருமுறை சிரி, இந்தப் பக்கம் பார்த்துச் சிரி என்று வேலை வாங்கினால் அது பாசமாம்!

இனி நம் மலைக்கு வருகிறேன். சொல்ல வந்ததில் கசப்பான பகுதி இதுதான். நம் லயங்களிலிருந்தும் இளைஞரும் யுவதியரும் காணொளி போடத் தொடங்கியிருக்கின்றனர். மரவள்ளிக் கிழங்கு அவிப்பதையும், மாரியம்மன் திருவிழாவையும், மழையில் கொழுந்து எடுப்பதையும் காட்டுகின்றனர். வரவேற்கிறேன். நெடுங்காலம் பிறர் நம்மைப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றார்கள். நம் கையால் நம்மைப் படம் பிடிப்பதில் பிழையேதும் இல்லை. ஆனால் அந்தக் காணொளிகளின் கீழே கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் சிலர் எழுதுவதைப் படித்தீர்களா? பிள்ளை ஏன் செருப்பில்லாமல் நிற்கிறது? தாய் தகப்பனோடு ஒரே அறையில் வளர்ந்த பிள்ளைகளைப் படுக்க வைக்கலாமா? அடுப்புப் புகையில் கைக்குழந்தையை வைத்திருக்கிறாளே, இவளுக்கு அறிவில்லையா?

அறிவாளிகளே, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா அது! அதற்குள்ளே பிள்ளைக்குத் தனி அறை எங்கிருந்து வரும்? புகைபோக்கி இல்லாத அடுப்பைக் கட்டியவள் அந்தத் தாயா, தோட்டத்தை ஆண்ட கம்பெனியா? வறுமையைப் பார்த்து வளர்ப்புப் பிழை என்று தீர்ப்பெழுதுவது மிகச் சுலபம். காணி உரிமை பற்றியும் வீட்டுத் திட்டம் பற்றியும் ஒரு வரி எழுதாதவர்கள், ஒரு பெண்ணின் இடுப்பிலுள்ள குழந்தையின் மூக்கு ஒழுகுவதைப் பற்றி ஒன்பது வரி எழுதுகின்றனர்.

இதிலே நாமும் சுத்தமில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, நம் ஹல்துமுல்லைப் பிரதேசத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர், பெற்றோரைத் தேடி நின்றனர். பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளின் முன்னால் கமராக்கள் வரிசைகட்டின. அம்மா எங்கே என்று கேட்டார்கள், அழும்வரை கேட்டார்கள். அழுத முகம் ஊரெல்லாம் ஓடியது. உதவியும் வந்தது, மறுப்பதற்கில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து ஆளாகி, வேலை தேடிப் போன இடத்திலே அந்தப் படம் தங்கள்முன் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள் என்று நாம் யோசித்ததுண்டா? இப்போதும் அரிசிப் பொதியோடு கமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளையை முன்னிறுத்தி நன்றி சொல்லச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உதவி என்ற பெயரில் ஏழை வீட்டுக்குள் நுழைந்து பெண்பிள்ளையை இழிவுபடுத்திப் பேசிக் காணொளி வெளியிட்ட ஒருவர் 2025 மார்ச்சில் கைதானார். அவரையும் முதலில் பிடித்துக் கொடுத்தது பார்வையாளரின் கூச்சலே.

ஆகவே, அந்த மூத்த அக்காளுக்கு என் பதில் இது: அவர்கள் வீடுதான், பிள்ளை மட்டும் அவர்கள் உடைமையன்று. கேளுங்கள். சேலையைப் பற்றிக் கேளாதீர்கள். பிள்ளை அழும்போது கமரா ஏன் ஓடுகிறது என்று கேளுங்கள். குளிக்கும் பிள்ளையை ஏன் ஊருக்குக் காட்டினாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தக் காணொளியை மூடிவிடுங்கள், பிறருக்கு அனுப்பாதீர்கள். அடி, பட்டினி என்று கண்ணில் பட்டால் கருத்துரை எழுதிக்கொண்டிராமல், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற எண்ணில் அழையுங்கள், காசு செலவில்லை. (பிள்ளைக்கு 32 சதம் எழுதிய ஆண்டும் அந்த எண்ணும் ஒன்றாய் அமைந்தது தற்செயல்தான், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.)

மலையக மக்களின் பெயரால் பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காணொளியில் தோன்றும் பிள்ளையின் பங்கை வங்கியிலே அதன் பெயரில் போட வேண்டும். பதினெட்டு வயதில் அது கேட்டால் படத்தை அழிக்க வேண்டும். இந்த இரண்டையும் கட்டாயமாக்கும் மசோதாவைக் கட்சி வேறுபாடின்றிக் கொண்டுவரலாம். தோட்டத் தொழிற்சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலிலே சேர்க்கலாம். செக்ரோலில் பேர் விழாத உழைப்பு எப்படிப்பட்டது என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.