சாப்பிட்ட பிறகு... எதைச் சாப்பிட்ட பிறகு?

பழவேற்காடு ஏரியில் வலை போடும் 'பாடு' வந்த நாளில் மீனவர் மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறார். ஈரத்துணி இடுப்போடு ஒட்டிக் கிடந்தால் படர்தாமரைக்குக் கேட்கவா வேண்டும்! டாக்டர் கிரிசியோஃபல்வின் எழுதி, "சாப்பிட்ட பிறகு" என்கிறார். இவரும் விடியலில் பழைய சோறு, பச்சை மிளகாய், மாத்திரை என்று முடித்துக் கிளம்புகிறார். சொன்னபடிதானே செய்தார்?

விஷயம் என்னவென்றால், இந்த மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. கரையாதது குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது. பித்தநீரில் உள்ள உப்புகள் கூடிக் குட்டி உருண்டைகளாகி மருந்தை உள்ளே ஏற்றிக்கொள்ளும் (எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் அதே வேலை). ஆனால் பித்தப்பை நன்றாகச் சுருங்கிப் பித்தநீரைக் கொட்ட, சிறுகுடலுக்குக் கொழுப்பு வந்து சேர வேண்டும். பழைய சோற்றில் அது எங்கே? கொழுப்போடு சாப்பிட்டால் இந்த மருந்து கூடுதலாக ரத்தத்தில் சேர்கிறது என்று 1961-லேயே ஆய்வு வந்துவிட்டது.

"மத்தியானம், எண்ணெய் மிதக்கும் மீன் குழம்புச் சாப்பாட்டோடு" என்று சீட்டில் எழுத எத்தனை நொடி ஆகும்? காசநோய்க்கான ரிஃபாம்பிசினுக்கோ வெறும் வயிறுதான் வேண்டும். எல்லா மாத்திரைக்கும் ஒரே வரி எப்படிப் பொருந்தும்? மருந்துக்கு அடங்காத பூஞ்சை இருப்பது வேறு கதை. வாரக்கணக்கில் போட்டும் அரிப்பு போகவில்லை என்றால், "ஒழுங்கா மாத்திரை போட்டீங்களா?" என்ற திட்டு மட்டும் மீனவருக்கு.