காப்பாரின்றி வாழுமோ கட்டற்ற மென்பொருள்?

இலினக்சு இயக்க அமைப்பின் கருநிரலில், கணிப்பொறி உறுப்புகளை இயக்கும் இயக்கிகள் பல. வேண்டியதைச் சேர்க்கவும் வேண்டாததை விலக்கவும் ஆயிரக்கணக்கான அமைவுத் தெரிவுகளும் உள. ஆனால், தெரிவுப் பட்டியலில் பெயர் இருப்பதனாலேயே ஒன்று வாழ்ந்துவிடாது. கருநிரல் மாறுந்தோறும் அதனையும் திருத்தி, உரிய பொறியில் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

ஐட்டேனியச் சில்லுக்கான பகுதி 2021-இல் பேணுவாரற்றது எனக் குறிக்கப்பெற்றது, 2023-இல் நீக்கப்பெற்றது. நீக்கியோரைக் குறைகூறுவதற்கில்லை. பேணாப் பகுதி பிறர் பணிக்கும் தடையே. மூலநிரல் அனைவர்க்கும் திறந்தே கிடந்தது, தோள்கொடுத்தோர் போதவில்லை.

பழம்பொறி வைத்திருப்போரே! புதுப் பதிப்பு வெளிவருமுன் ஓட்டிப் பாருங்கள், பிழை கண்டால் எழுதுங்கள், இயன்றால் திருத்துங்கள். பயன்கொள்ளும் உரிமை, பேணும் கடமையொடு பிறந்தது!